மஞ்சள் திரையில் இரண்டு கைகள்

அத்தியாயம் 7

வந்தவர் நாற்காலியில் உட்காரும் விதத்தை வைத்தே வழக்கு தேறுமா தேறாதா என்று தந்தி சொல்லிவிடுவாள். சாய்ந்து உட்கார்ந்தால் சொல்வதில் பாதி பொய். விளிம்பில் உட்கார்ந்தால் முழுக் கவலை. இந்த டீச்சர் உட்காரவே இல்லை. காலை பத்தே காலுக்கு மாடிப்படி ஏறி வந்தவர், கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றபடியே பேசினார்.

தந்தி என்பது அம்மா அப்பா வைத்த பெயரல்ல. பதினைந்து வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் குப்பை கொட்டியவள். மனதில் தோன்றுவதை அந்த நிமிடமே வாய் வழியாக அனுப்பிவிடும் குணத்துக்கு அங்கே வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவளுடைய முதலாளியான துப்பறிவாளருக்கு ஊரே சேர்ந்து வைத்த பெயர் நிதானம். வீடு தீப்பிடித்தாலும் செருப்பைச் சரியான காலில் மாட்டிக்கொண்டுதான் மனிதர் வெளியே வருவார் என்பது தந்தியின் அபிப்பிராயம்.

டீச்சர் சொன்னதன் சாராம்சம் இது. அவருடைய தம்பி ஒரு இன்ஜினியர். பஸ் நிலையத்து நடைமேம்பாலம் திறந்த பதினெட்டாம் நாள் இடிந்து விழுந்து ஒன்பது பேர் செத்துப்போனார்களே, அந்தப் பாலத்தை மேற்பார்வை பார்த்தவர். சட்டசபை ஒரு விசாரணைக் குழுவைப் போட்டது. அமர்வுகள் எல்லாம் சபைத் தொலைக்காட்சியில் நேரடியாக வந்தன. போன செவ்வாய்க்கிழமை தம்பி சாட்சி சொல்லப் போனார். விரிசல் இருந்தது தெரியுமா, தெரியுமென்றால் யாரிடம் சொன்னீர்கள் என்று குழுத் தலைவர் கேட்டார். குழுவின் அறிக்கை இன்றைக்கு மாலை மூன்று மணிக்கு சபையில் வைக்கப்படுகிறது. அதில் இருக்கும் வாசகம் காலைப் பத்திரிகையிலேயே கசிந்துவிட்டது. "சாட்சி பதிலளிக்கவில்லை."

"மூணு மணிக்கு அதை வச்சுட்டாங்கன்னா அப்புறம் ஒரு எழுத்தையும் மாத்த முடியாதாம். ஒன்பது சாவும் அவன் தலையில. அவன் வீட்டு வாசல்ல ரெண்டு போலீஸ்காரங்க இப்பவே வந்து உக்காந்துட்டாங்க" என்றார் டீச்சர்.

தம்பி என்ன சொல்கிறார் என்று நிதானம் கேட்டார்.

"பதில் சொன்னேன்க்கா, என்ன சொன்னேன்னு மட்டும் கேக்காதேங்கறான். போலீஸ்லயும் வாயைத் திறக்கலை. அன்னையிலேருந்து எங்க வீட்டுப் பக்கமே வரலை."

கைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவ் வெளியே வந்தது. அன்றைய அமர்வின் அதிகாரபூர்வமான பதிவு. டீச்சரின் வீட்டுக்காரர் துறைச் செயலாளரிடம் அந்தரங்க உதவியாளராக இருக்கிறாராம். நாயாய் அலைந்து அவர்தான் வாங்கிக் கொடுத்தாராம். இதில் எல்லாம் இருக்கிறது, பார்த்துவிட்டு மனசைத் தேற்றிக்கொள், இனிமேல் இதற்காக அங்கே இங்கே அலையாதே என்று சொன்னாராம். அதனால் இங்கே வந்திருப்பது அவருக்குத் தெரியாது. அந்த நேரம் பார்த்து அவரே போனில் கூப்பிட, தையற்கடையில் இருப்பதாக டீச்சர் சொன்னார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத குரல்.

பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். தலைவர் கேட்கிறார். தம்பி தண்ணீரைக் குடித்துவிட்டு மைக்கை இழுக்கிறார். அடுத்த நொடி தலைவர் வேறு யாரோ ஒருவரிடம் வேறு எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நிதானம் தலைவரைப் பார்க்கவில்லை. தலைவருக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று நாற்பத்திரண்டு. அடுத்த நொடி பதினொன்று நாற்பத்தாறு.

"நாலு நிமிஷத்தை முழுங்கிட்டு ஏப்பம்கூட விடலையே சார்" என்றாள் தந்தி.

சபைத் தொலைக்காட்சியின் கட்டுப்பாட்டு அறை சட்டசபைக் கட்டடத்துக்குப் பின்னால், நிலவறையில் இருந்தது. குளிர்சாதனம் கடுங்குளிரில் ஓடியது. வேலை செய்பவர்கள் எல்லோரும் மப்ளர் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கே பொறுப்பிலிருந்த ஒளிபரப்பு அதிகாரிக்குக் கண்ணுக்குக் கீழே இரண்டு பைகள் தொங்கின. போன வருடம் வழி தவறிப்போன அவருடைய மாமனாரை நிதானம்தான் தேடிக் கொண்டுவந்து சேர்த்தார். அந்த நன்றிக்காக உள்ளே விட்டார். அந்த மாமனாரைத் திரும்பக் கொண்டுவந்ததற்கா நன்றி என்று தந்தி முணுமுணுத்தாள். அதிகாரி காதில் விழாத மாதிரி இருந்துகொண்டார்.

அவர் முன்னால் இரண்டு திரைகள். இரண்டிலும் அதே சபை, அதே சபாநாயகர். ஆனால் இடது திரையில் சபாநாயகர் தண்ணீர் குடித்து முடித்துவிட்டார். வலது திரையில் டம்ளர் இன்னும் மேஜை மேல் இருந்தது. தந்தி கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

அதிகாரி விளக்கினார். இடது திரை சபையில் நடப்பது. வலது திரை வெளியே போவது. நடுவில் பத்து விநாடி தாமதம் வைத்திருக்கிறார்கள். யாராவது ஏடாகூடமாகப் பேசிவிட்டால் கூட்டத்தை நடத்தும் தலைவர் மேஜைக்கடியில் இருக்கும் பொத்தானை அழுத்துவார். அந்தப் பேச்சு ஊர் காதுக்குப் போகாது. சத்தம் நின்றுவிடும், மண்டபத்துப் படத்துக்குப் பதிலாக சபைச் சின்னம் திரை முழுக்க வந்துவிடும். செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் நடந்தது. நாலு நிமிடம், "அவைக் குறிப்பிலிருந்து நீக்கம்" என்று ஏட்டில் எழுதியிருந்தது.

"யாரோ பெரிய மனுஷனைக் காப்பாத்தத்தானே" என்றாள் தந்தி.

"அதான் இல்லைம்மா. அங்க வராத ஒருத்தர் மேல, அவர் பதில் சொல்ல வழியில்லாதப்போ குற்றம் சொன்னா, தலைவர் நீக்கியே ஆகணும். பழைய விதி. நல்ல விதிதான்."

பிறகு அறிக்கையில் பதிலளிக்கவில்லை என்று எப்படி வந்தது என்றார் நிதானம். அதிகாரி தலையைச் சொறிந்துகொண்டார். குறிப்பெழுதும் பிரிவில் ஒரு வழக்கம் உண்டாம். கேள்விக்குக் கீழே ஒன்றும் இல்லையென்றால் சாட்சி பதிலளிக்கவில்லை என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். பதில் நீக்கப்பட்டதா, பதிலே வரவில்லையா என்று பார்ப்பது அவர்கள் வேலை இல்லை. குழுவில் இருந்த பதினோரு பேருக்கும் உண்மை தெரியும். ஆனால் நீக்கியதை வெளியில் எடுத்துச் சொன்னால் உரிமை மீறல், நேரே சிறைதான். ஆகவே பதினோரு பேருக்கும் மறதி வந்துவிட்டது.

ஆக, சதி இல்லை, சூழ்ச்சி இல்லை, லஞ்சம்கூட இல்லை. இரண்டு நல்ல விதிகள் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்து ஒரு மனிதனை நசுக்கிக்கொண்டிருந்தன. எதிரி என்று யாராவது இருந்திருந்தால் தந்தி நாலு வார்த்தை கேட்டிருப்பாள். இங்கே யாரைக் கேட்பது.

நீக்கியதைத் திரும்பச் சேர்க்க வழியே இல்லையா என்று நிதானம் கேட்டார். ஒரே ஒரு வழி இருந்தது. யார் மேல் குற்றம் சொல்லப்பட்டதோ அவரே, அறிக்கை சபையில் வைக்கப்படுவதற்கு முன்னால், எனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஆள் யார் என்பதுதான் அதிகாரிக்குத் தெரியவில்லை. பொத்தானை அழுத்தினால் கட்டுப்பாட்டு அறையின் காதும் அடைத்துவிடுமாம்.

நிதானம் புகார் ஏட்டைக் கேட்டார். நேயர்கள் போனிலும் குறுஞ்செய்தியிலும் சொல்வதை எல்லாம் எழுதி வைக்கும் நீள நோட்டு. செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் அந்த நாலு நிமிடத்துக்கு மட்டும் அறுபத்து மூன்று புகார்கள். சத்தம் வரவில்லை. ஒலி இல்லை. காது கேட்கவில்லை, உங்களுக்கு வெட்கமாக இல்லையா. தந்தி ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தாள். நாற்பத்தோராவது புகாரில் விரல் நின்றது.

"இங்க ஒரு கிறுக்கு சார். ஊரே சத்தம் போச்சுன்னு கத்துது, இவங்களுக்குக் கலர் பிடிக்கலையாம்."

நிதானம் வாங்கிப் பார்த்தார். குறுஞ்செய்தி. பதினொன்று நாற்பத்து நாலு. "பின்னால் மஞ்சள் நிறம் போட்டால் விரல்கள் தெரிவதில்லை. நீல நிறம் போடவும்." கீழே ஒரு கடிகாரக் கடையின் முகவரி.

அவர் நோட்டை மூடினார். "சத்தம் போனதே தெரியாத ஒரு ஆள் யாரா இருக்கும், தந்தி?"

தந்தி வலது திரையின் மூலையைப் பார்த்தாள். ஒரு சின்ன வட்டத்துக்குள் ஒரு அம்மாள் கையாலேயே சபையைப் பேசிக்கொண்டிருந்தார். காது கேளாதவர்களுக்கான சைகை.

"அந்த அம்மாவோட ஹெட்போனுக்குச் சத்தம் எங்கேருந்து வருது?" என்று நிதானம் அதிகாரியைக் கேட்டார்.

அந்தக் குளிரிலும் அதிகாரிக்கு வியர்த்தது. அந்த அம்மாள் மூன்றாவது மாடியில் தனி அறையில் இருக்கிறார். மண்டபத்து மைக்கிலிருந்து அவருக்கு நேரடி இணைப்பு. வட்டமும் தனி இணைப்பு. தலைவரின் பொத்தான் அந்தப் பக்கம் போகவே போகாது. பொத்தான் வைத்த காலத்தில் சைகை கிடையாது, சைகை வந்தபோது யாருக்கும் பொத்தான் ஞாபகம் வரவில்லை. அந்த அம்மாளிடம் போய்க் கேட்டுப் பயனில்லை என்று அதிகாரியே சொன்னார். கேட்டதைக் கையால் காட்டுவதோடு சரி, பிறகு யாரிடமும் சொல்லமாட்டேன் என்று உறுதிமொழி எடுத்தவராம்.

"ஒரு நாலு நிமிஷம், ஊர்லயே காது கேக்காதவங்களுக்கு மட்டும்தான் கேட்டிருக்கு" என்றாள் தந்தி. சிரிப்பு வரும் என்று நினைத்துத்தான் சொன்னாள். வரவில்லை.

கடிகாரக் கடை ஊரின் மறு கோடியில் இருந்தது. போய்ச் சேர ஒண்ணே முக்கால் ஆகிவிட்டது. வழியில் டீச்சரையும் ஏற்றிக்கொண்டார்கள். தந்திதான் போன் செய்து வரச் சொன்னாள். நல்ல செய்தியை நேரில் கேட்கட்டும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. பிற்பாடு பல நாள் அந்த நினைப்புக்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

கடைச் சுவர் முழுக்கக் கடிகாரங்கள். ஒவ்வொன்றும் ஒரு நேரம் காட்டியது. எதைப் பார்த்துப் பயப்படுவது என்று தெரியவில்லையே என்றாள் தந்தி. ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரு கைக்கடிகாரத்தின் வயிற்றைக் குடைந்துகொண்டிருந்தார் கடைக்காரம்மா. நிதானம் எழுதிக் காட்டியதைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகம் மலர்ந்துபோயிற்று. சபைத் தொலைக்காட்சிக்கு ஆறு வருடமாகப் புகார் எழுதுகிறாராம், அதைப் படித்துவிட்டு ஆள் வருவது இதுதான் முதல் தடவை.

பகலில் வேலைக்குப் போகும் தோழிகளுக்காக அவர் எல்லா அமர்வையும் பதிவு செய்து வைப்பார். செவ்வாய்க்கிழமை இருந்தது. திரை முழுக்கத் தங்கமஞ்சளாகச் சபைச் சின்னம். சத்தமில்லை. மூலையில் வட்டத்துக்குள் இரண்டு கைகள் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன.

கடைக்காரம்மா பார்த்துப் பார்த்து நிறுத்தி, பழுது ரசீதுகளின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாக எழுதித் தந்தியிடம் நீட்டினார்.

"விரிசல் தெரியும்."

"திறக்க வேண்டாம் என்று கடிதம் எழுதினேன். துறைச் செயலாளருக்கு."

டீச்சர் முதல்முறையாக ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். "எனக்குத் தெரியும். அவன் சும்மா இருக்கிற பிள்ளை இல்லை" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தந்திக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

"திறப்புக்கு இரண்டே நாள். தபாலில் போனால் நேரமாகும். கையில் கொடுத்தேன்."

அடுத்ததற்கு நேரம் பிடித்தது. மஞ்சளில் விரல்கள் கரைந்தன. கடைக்காரம்மா மூன்று தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தார். பிறகு எழுதினார். தந்தி ரசீதை வாங்கிப் படித்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு செய்தியை அனுப்பாமல் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்த்தாள். டீச்சர் கையை நீட்டியபடி இருந்தார். கொடுக்காமல் தீராது.

"அக்காவின் கணவரிடம். செயலாளரின் உதவியாளர். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்து."

டீச்சர் அதை இரண்டு தடவை படித்தார். பிள்ளைகளின் விடைத்தாளைப் படிப்பதுபோல் விரல் வைத்துப் படித்தார்.

"பழுப்பு உறை" என்றார். "சாம்பார்... இல்லை, தண்ணி சிந்திடப் போகுதுன்னு நான்தான் அதை எடுத்து அவர் பையில வச்சேன்."

தம்பி ஏன் போலீஸில் வாயைத் திறக்கவில்லை, ஏன் அக்கா வீட்டுப் பக்கம் வரவில்லை என்பதெல்லாம் யாரும் விளக்காமலே விளங்கிற்று. சத்தியம் செய்த இடத்தில் ஒரு தடவை உண்மையைச் சொல்லிவிட்டார். சபையே அதை அழித்துவிட்டது. இரண்டாம் தடவை சொல்லி அக்காவின் குடும்பத்தைக் குலைக்க அவருக்கு மனசு வரவில்லை. அக்காவோ அதைத் தேடிக்கொண்டு ஊரின் மறு கோடிக்கு வந்திருக்கிறாள்.

"இதை அப்படியே ஊருக்குப் போட்டுக் காட்டினா என்ன சார்? டிவியிலயே வந்ததுதானே" என்றாள் தந்தி. அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"காட்டினா முதல்ல ஜெயிலுக்குப் போறது இந்தக் கடைக்காரம்மா. அறிக்கை அப்பவும் மாறாது." நிதானம் டீச்சர் பக்கம் திரும்பினார். "கடிதத்தை வாங்கி மேலே அனுப்பாததுதானே குற்றம், எழுதிக் கொடுக்க வேண்டிய ஆள் உங்க வீட்டுக்காரர்தான். அவர்கிட்ட கேக்கற உரிமை உங்களுக்கு மட்டும்தான் இருக்கு."

டீச்சர் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டார். நிதானம் ஒளிபரப்பு அதிகாரியைப் பிடித்தார். சபை மணி அடித்த பிறகு உள்ளே ஒரு துண்டுச்சீட்டுகூடப் போகாது என்றார் அவர். இங்கிருந்து சபைக்குப் பறந்து போனாலும் நாற்பது நிமிடம். கடைத் தொலைக்காட்சியின் மூலையில் இரண்டு ஐம்பத்து நாலு.

கடைக்காரம்மா நேரடி ஒளிபரப்புக்கு மாற்றினார். சபை நிறைந்திருந்தது. அமைச்சருக்குப் பின்னால் அதிகாரிகள் வரிசை. துறைச் செயலாளர். அவர் தோளுக்குப் பின்னால், மடியில் கோப்புகளோடு, வழுக்கைத் தலையும் வெள்ளைச் சட்டையுமாக ஒருவர்.

"அவர்தான்" என்றார் டீச்சர். "நான் காலையில இஸ்திரி போட்ட சட்டை."

மூன்றாம் தடவை கூப்பிட்டார். மணி இரண்டு தரம் அடித்தது, துண்டிக்கப்பட்டது. திரையில் அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். எடுக்கவே இல்லையே, அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது, இன்னொரு தடவை கூப்பிடலாமா என்று டீச்சர் கேட்டார். தந்திக்கு அந்த இரண்டு தண்ணீர் டம்ளர்கள் ஞாபகம் வந்தன. டீச்சர் தோளில் கை வைத்தாள்.

பத்து விநாடி கழித்துத் திரையில் அந்த மனிதர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். யார் என்று பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கட்டைவிரலால் அழுத்திவிட்டு, போனைக் கோப்பின் மேல் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

டீச்சர் நான்காம் தடவை கூப்பிடவில்லை.

சரியாக மூன்று மணிக்குக் குழுத் தலைவர் எழுந்து அறிக்கையை வைத்தார். முக்கியமான பகுதியை வாசித்தார். சாட்சி பதிலளிக்கவில்லை என்ற இடம் வந்தபோது மூலை வட்டத்தில் அந்த அம்மாளின் கைகள் அந்தரத்தில் நின்றன. செவ்வாய்க்கிழமை அந்தப் பதிலைச் சொன்னதே அந்தக் கைகள்தான். இரண்டு விநாடி, மூன்று விநாடி. பிறகு அவை அசைந்தன, பதிலளிக்கவில்லை என்று சொல்லி முடித்துவிட்டு மடியில் இறங்கிக்கொண்டன. கடைக்காரம்மா தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் போய்ப் பழைய கைக்கடிகாரத்தின் முன் உட்கார்ந்தார். ஆனால் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொள்ளவில்லை.

நிதானம் ரசீதுகளை ஒன்றாக அடுக்கினார், கலைத்தார், மறுபடியும் அடுக்கினார். எல்லாவற்றையும் கண்டுபிடித்தாகிவிட்டது. ஒன்றும் செய்ய முடியவில்லை. அவர் இப்படி உட்கார்ந்திருந்து தந்தி பார்த்ததில்லை. ஏதாவது ஒரு வேடிக்கை சொல்லி இந்த அறையைக் கொஞ்சம் இலேசாக்க வேண்டும் என்று அவள் தேடினாள். எதுவுமே அகப்படவில்லை.

டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். தம்பி வீட்டுக்குப் போகிறீர்களா, நானும் வருகிறேன் என்றாள் தந்தி. அங்கே இந்நேரம் போலீஸ்காரர்கள் அவனைக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள் என்றார் டீச்சர். வாசல் வரை போனவர் நின்றார்.

"ஆறு மணிக்கு அவர் வருவார். சாவி எடுத்துட்டுப் போற பழக்கமே இல்லை அவருக்கு. பெல் அடிப்பார்." அவர் குரலில் கோபம்கூட இல்லை. "நான்தான் போய்க் கதவைத் திறக்கணும்."